ஜன்னல் வழியே போட்ட கைக்குட்டை

ராசா,

நேற்றுப் போனில் நீ மன்னிப்புக் கேட்டாயே, அங்கிருந்தே தொடங்குகிறேன். "அத்தை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. அவுகளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன், மனசுல வச்சுக்கிறாத" என்று படபடவென்று சொல்லிவிட்டு, சைட்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். துபாய்க்குப் போன நாளிலிருந்து உன் பேச்சே இப்படித்தான், கிளம்பிவிட்ட பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பேசுகிற மாதிரி. நான் சொல்ல நினைத்ததை அந்த வேகத்தில் சொல்ல முடியாது. அதனால் உன் மகள் ரூபியிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். அஞ்சாப்புப் படிப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். நான் உட்கார்ந்திருப்பது மதுரை ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே. உன் அத்தையை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். உன் வீட்டுக்காரி மருந்துச் சீட்டோடு கீழே போயிருக்கிறாள். அவளாவது லீவு போட்டுக் கூட வந்தாளே. ரூபி டீ வாங்கப் போயிருக்கிறாள். எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அது ஏன் காலி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஞானம்மாள் அத்தை, எனக்குச் சம்பந்தி. ஆனால் அந்த வார்த்தையை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மதினி. நெஞ்சுவலி வந்து, போடிக்கும் தேனி டாக்டருக்கும் அலைய முடியாது என்று தேனியில் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள் அல்லவா, அதிலிருந்து அடுப்படியை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்தவள் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மதினி, ஒன்னு கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"கேட்டாத்தான தெரியும், கோவம் வருமா வராதான்னு."

"நீங்க ஞானஸ்நானம் எடுத்துக்கிருங்க மதினி. எனக்காக. நான் ஒரு பக்கம் போயி, நீங்க ஒரு பக்கம் போயிட்டா, அங்கன நான் யாருகூட உக்காந்து பேசுவேன்?"

முதல் பாதியைக் கேட்டதும் கோபம் சுர்ரென்று ஏறியது. என் ரோஷம் உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைசி வரி வந்து, ஏறின கோபத்தின் காலைப் பிடித்துக்கொண்டது. பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். உன் வீட்டுக்காரி அதை எங்கிருந்தோ கேட்டுவிட்டு உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டாய். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதன் பிறகு ஒரே ஒரு யோசனைதான். போகும் போகும் என்கிறார்களே, எது போகும்? அங்கன என்கிறார்களே, எங்கன? ஆபரேஷனுக்குள் அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். எது போகிறது என்றே தெரியாமல், வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் ரூபியின் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தத்துவம் படித்து என்ன கிழிக்கப் போகிறாள், பேங்க் பரீட்சை எழுதட்டும் என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். நம் வீட்டில் எம்.ஏ. படிக்கிற முதல் பிள்ளை. அவள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போது தெருவே கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கிறவள் நான். பரீட்சை லீவில் வந்திருந்தாள். அவள் படித்துக்கொண்டிருந்தது, உயிர் என்றால் என்ன, இந்த உலகம் எந்த ஒழுங்கில் நடக்கிறது என்று அந்தக் காலத்துக் கிரேக்க தேசத்தில் யோசித்தவர்களைப் பற்றியும், அவர்களுக்குப் பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியும். எனக்கு வேண்டியதை எனக்கு வேண்டிய வாரத்தில் யாரோ வீட்டுக்குள் அனுப்பி வைத்த மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நானும் மதினியும் மொச்சை உரிப்போம். "ஏத்தா, அந்தப் பாடத்த இங்கன வந்து சொல்லு" என்பேன். அவள் சொல்வாள், நாங்கள் கேட்போம்.

முதலில் வந்தது செத்தவர்களின் கதை. கிரேக்கர்கள், மூச்சுதான் உயிர் என்றும், அது புகை மாதிரி வெளியே போய் நிழலாக அலையும் என்றும் நினைத்தார்களாம். ஒரு ஆற்றைத் தாண்ட வேண்டுமாம். படகுக்காரனுக்குக் கூலியாகச் செத்தவரின் வாயில் ஒரு காசை வைத்து அனுப்புவார்களாம். எனக்குக் கையில் இருந்த மொச்சை நழுவிவிட்டது. நாம் நெற்றியில் ஒரு ரூபாய் வைப்போமே! உன் மாமனார் இறந்தபோது நான் முந்தானையில் ஒரு காசை முடிந்துகொண்டுதான் போடிக்குப் போனேன். பெட்டியில் அவரைப் பார்த்ததும், இவர்களுக்கு இந்த வழக்கம் கிடையாதே என்று உறைத்தது. வைக்கவும் முடியவில்லை, வைக்காமல் நகரவும் கால் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. கடைசியில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டே திரும்பிவிட்டேன். யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு மொச்சைக்கு நடுவில் சொன்னேன். மதினி என் பக்கம் திரும்பினாள்.

"வச்சிருக்கலாம்ல மதினி. அந்த மனுசன் என்னைக்குச் சில்லறையோட பஸ் ஏறுனாக? எப்பவும் கண்டக்டர்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டேதான போவாக."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், நெஞ்சு வலிக்குது நிறுத்துங்க என்று அவளே கையைத் தூக்கினாள்.

அடுத்த நாள் பாடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி ஆள் வந்தார். அவர், உயிர் சாவதில்லை, ஒரு உடம்பை விட்டு இன்னொரு உடம்புக்கு மாறும் என்று சொன்னவர். நமக்குப் புதிதில்லை. ஆனால் தன் சீடர்கள் மொச்சை, அவரைக்காய் மாதிரிப் பயறுகளைத் தொடக்கூடாது என்றும் சொன்னாராம். ரூபி அதை வாசித்ததும் நாங்கள் இருவரும் மடியில் கிடந்த குவியலைப் பார்த்தோம். "ஏன்டி, அதுலயும் செத்தவுக இருக்காகளா?" என்று கேட்டேன். "அப்படியும் சொல்றாக அப்பத்தா. ஏன்னு சரியாத் தெரியல." "வாயுத் தொந்தரவா இருக்கும்" என்று முடித்துவிட்டாள் மதினி. அதே மனிதர்தான், வானத்தில் சூரியனும் நட்சத்திரமும் சுற்றும்போது ஒரு சங்கீதம் எழுகிறது என்றும் சொன்னாராம். எல்லாம் அளவோடு சுற்றுவதால் வருகிற இசையாம். பிறந்ததிலிருந்து இடைவிடாமல் காதில் விழுவதால் நமக்குக் கேட்பதில்லையாம். ரூபிக்கு அது கட்டுக்கதையாகத் தெரிந்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது. நாம் முதலில் குடியிருந்த வீடு பஞ்சு மில் சுவரை ஒட்டி இருந்தது. நீ பிறந்ததே அந்த இரைச்சலில்தான். நீ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மில் சட்டென்று நின்றது. நீ வீறிட்டு எழுந்து அழுதாய். எவ்வளவு ஆட்டியும் அடங்கவில்லை. மறுபடி மெஷின் ஓடிய பிறகுதான் கண்ணை மூடினாய். சத்தத்தில் அல்ல, சத்தம் நின்றபோதுதான் உனக்குப் பயம் வந்தது. அந்தக் கிரேக்கர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கும் இப்படி ஏதாவது ஒரு பிள்ளையை ஆட்டிய அனுபவம் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பெரிய ஆசானும் அவருடைய மாணவரும் வந்தார்கள். ஆசான், உயிரை இரண்டு குதிரை பூட்டிய ரதம் என்றாராம். ஒன்று சொன்னபடி கேட்கும், ஒன்று முரண்டு பிடிக்கும், ஓட்டுகிறவன் அறிவு. "மதினிக்கு ரெண்டுமே முரட்டுக் குதிரைதான்" என்றாள் உன் அத்தை. அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த வானம் பூமி முழுவதற்கும் ஒரு பெரிய உயிர் இருக்கிறதாம், அது கலங்காமல் ஒழுங்காகச் சுற்றுகிறதாம். மனிதன் அந்தச் சுற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் தனக்குள் கோணிக்கிடப்பதை நேராக்கிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் உடம்பை அவர் ஜெயில் என்றது பிடிக்கவில்லை. உன்னைச் சுமந்த உடம்பு, அதை எப்படி ஜெயில் என்பேன்? மாணவருக்கும் அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. உயிர் என்பது உடம்புக்குள் குடியிருக்கும் ஆள் இல்லை, கண்ணுக்குப் பார்வை எப்படியோ அப்படி உடம்புக்கு உயிர் என்றாராம். செடிக்கும் ஒரு உயிர் உண்டு, அது உண்ணும், வளரும். மிருகத்துக்கு அதோடு உணர்ச்சி. மனிதனுக்கு அதோடு யோசனை. உன் அப்பா கம்பத்தில் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தபோது, கவாத்து பண்ணின மறுநாள் நான் பந்தலுக்கு அடியில் நின்றேன். வெட்டின முனையெல்லாம் கண்ணீர் மாதிரிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "அழுகுதா?" என்று கேட்டேன். "அழுகலடி, எந்திரிக்குது" என்றார்கள் உன் அப்பா. சில நாளில் தளிர் வந்தது. செடியின் உயிர் என்று ரூபி சொன்னதும் அந்தச் சொட்டுதான் எனக்குக் கண்ணில் நின்றது. ஆனால் இந்த மாணவர் சொல்வது நிஜமானால், உடம்பு போனால் எல்லாம் போச்சு. பார்வை மட்டும் தனியே எழுந்து எங்கே போகும்? "யோசிக்கிற அறிவுல ஏதோ கொஞ்சம் அழியாதுன்னு சொல்றாரு அப்பத்தா, ஆனா அது தனி ஆளா இருக்குமான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை போடுறாக" என்றாள் ரூபி. மதினி அன்றைக்குச் சீக்கிரமே எழுந்துபோய்விட்டாள்.

கிறிஸ்தவர்களின் பாடம் வந்தபோதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர்கள் கிரேக்கர்களிடமிருந்து நிறைய வாங்கிக்கொண்டார்களாம். ஆனால் ஒழுங்கு தானாக ஓடவில்லை, ஒருவர் ஆசைப்பட்டு ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கினார் என்றார்களாம். உயிர் மாறி மாறி வருவதில்லை, ஒவ்வொன்றும் ஒரே தடவை என்றார்களாம். எல்லாவற்றையும்விட, செத்த உடம்பும் ஒரு நாள் எழுந்திருக்கும் என்றார்கள். இதைக் கேட்டுக் கிரேக்கர்களில் சிலர் சிரித்துவிட்டார்களாம். நானும் சிரித்தேன்.

"இந்த முழங்காலோடயா மதினி?"

"சிரிக்காதீக. புதுசாக் குடுப்பாக."

"பல்லு?"

"எல்லாந்தான்."

"அப்ப என்னைய எப்படி அடையாளம் தெரியும்?"

அவள் மொச்சையைக் கீழே வைத்தாள். "உங்க மூக்குத்தியத் தெரியாதா எனக்கு? வாயத் தெரியாதா? நீங்க நீங்களாத்தான் வருவீக. காத்தாவும் வரமாட்டீக, வெளிச்சமாவும் வரமாட்டீக. அப்படி வந்தா எனக்கு என்னத்துக்கு?"

ராசா, அப்போதுதான் அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் வளர்ந்த வழியில், உயிர் போனால் எங்கோ கலந்துவிடும், இல்லாவிட்டால் வேறு வீட்டில் வேறு பெயரில் பிறக்கும். அதில் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் அதில் 'மதினி' என்று கூப்பிட யாரும் மிஞ்சுவதில்லை. அவளுடைய வழியில் முகம் மிஞ்சுகிறது, குரல் மிஞ்சுகிறது, அதனால் பக்கத்து இடம் காலியாக இருப்பதும் மிஞ்சுகிறது. தனக்கு வைத்திருக்கும் சொர்க்கத்தில் நான் இல்லாத இடத்தை அவள் இப்போதே பார்த்துவிட்டாள். அவள் என்னை மாற்றப் பார்த்தாள் என்று நீ நினைத்தாய். என்னை மாற்றாமல் அப்படியே, இந்த மூக்குத்தியோடும் இந்த வாயோடும் வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். உன் வீட்டுக்காரி உன்னிடம் எதையாவது பொருந்தாமல் கேட்டால், கேள்வியோடு சண்டைக்குப் போகாதே. அவள் எந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள் என்று முதலில் பார்.

புரிந்ததால் மட்டும் என்னால் சரி என்று சொல்லிவிட முடியவில்லை. உனக்கு அம்மை போட்டபோது வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தேன். இந்த இரண்டு கையும் அந்தச் சூட்டை இன்னும் மறக்கவில்லை. அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்லிவிட்டுப் போவேன்? உன் அப்பா எங்கன இருக்காகளோ, அவுகளை விட்டுவிட்டு நான் மட்டும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார முடியுமா? மதினி மனசு குளிரட்டும் என்று நம்பாமல் முழுகி எழுந்தால், அவளுடைய சாமியையும் என்னுடைய சாமியையும் ஒரே நாளில் ஏமாற்றினவளாகிவிடுவேன். பொய்யை வைத்து அவளைப் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு இஷ்டமில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதல் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. உன் கல்யாணம் முடிந்து, மதம் வேறென்று இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லாத காலம். போடி பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். எல்லாரும் ஜன்னல் வழியே துண்டும் பையும் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். நான் கனமான பையோடு ஏறி, கம்பியைப் பிடித்து நின்றேன். பார்த்தால், எதிரில் உன் அத்தை. பக்கத்து இடத்தில் அவளுடைய கைக்குட்டை கிடந்தது. யாருக்காகவோ போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பேசவில்லை. கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் பேசாமல் உட்கார்ந்தேன். தேனி வரும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் வந்தபோது மட்டும், "ரெண்டு" என்றாள். அவ்வளவுதான், எங்கள் சண்டை அன்றோடு முடிந்தது.

முந்தாநாள் காலையில் அவள் துணிப்பை அடுக்கிக்கொண்டிருந்தபோது பதிலைச் சொன்னேன். "மதினி, என்னால முழுக முடியாது. பொய் சொல்லி உங்ககூட வரமாட்டேன். ஆனா நீங்க முன்னாடி போனா, ஜன்னல் வழியா உங்க கைக்குட்டையப் போட்டு வைங்க. நான் முன்னாடி போனா, என் முந்தானையக் கிழிச்சாவது போட்டு வைக்கிறேன். எந்த பஸ்ஸு, எந்த ஊருக்குப் போகுதுங்கிறதெல்லாம் அங்கன போயிப் பாத்துக்கிருவோம்."

அவள் முகம் சுருங்கியது. "கைக்குட்டை போட்டா இடமாகிருமா மதினி? அங்கனல்லாம் பேரு எழுதி இருக்கணும்."

"அன்னைக்குப் போடி பஸ்ஸுல என் பேரா எழுதி இருந்துச்சு?"

அவள் துணிப்பையை இழுத்து மூடினாள். அன்றைக்கு முழுவதும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாளும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நான் ரதத்தில் முரட்டுக் குதிரையைத் தட்டிவிட்டேனோ, ஆபரேஷனுக்குப் போகிற மனுஷியிடம் ஒரு 'சரி'யைச் சொல்லி அனுப்பியிருக்கலாமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மதுரைக்கு யார் யார் போவது என்று பேசினபோது என் பேரை யாரும் எடுக்கவில்லை. என் முழங்காலைச் சொன்னார்கள். நானும் ரோஷத்தில் கேட்கவில்லை. ரூபி மட்டும் முன்னாலேயே ரயிலில் போய்விட்டாள்.

இன்று காலையில் கார் வந்தது. முன்னால் உன் அத்தையின் தம்பி. பின்னால் ஓரத்தில் உன் வீட்டுக்காரியும் நடுவில் அவளும். மூன்றாவது இடம் தம்பி பெண்டாட்டிக்கு. நான் வாசலில் நின்றேன், வழியனுப்பத்தான். தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்து ஏறப் போனவள் அப்படியே நின்றாள். உன் அத்தை சத்தமாகச் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"அங்கன உக்காராத. ஆள் வருது."

சீட்டில் அவளுடைய வெள்ளைக் கைக்குட்டை கிடந்தது, கோயிலுக்குக் கொண்டுபோகிற அந்தக் கைக்குட்டை. என்னைப் பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நான் கட்டின சேலையோடு, வீட்டைப் பூட்டக்கூட நிற்காமல் தம்பி பெண்டாட்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தேன். உசிலம்பட்டி தாண்டும்வரை யாரும் பேசவில்லை. பிறகு அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஜெபம் பண்ணுறத நிறுத்த மாட்டேன்" என்றாள். "நான் எங்க ஆத்தாளுக்கு வேண்டிக்கிறத மட்டும் நிறுத்திருவேனா?" என்றேன். "வேண்டிக்கிருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கிரேக்கர்கள் சொன்ன பெரிய சுற்றும், மதினி சொல்கிற ஒருவரின் ஆசையும், எங்கள் ஆத்தாளும், இதில் எது எதற்கு மேலே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ரூபி இன்னும் படிக்கட்டும், அவளைப் பேங்க் பேங்க் என்று அரிக்காதே. நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

உள்ளே கூட்டிப்போகும்போது அவள் கழற்றிக் கொடுத்தது கண்ணாடி, வளையல், கைக்குட்டை. மற்றதை உன் வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள். கைக்குட்டையை மட்டும் மதினி என்னிடம் நீட்டினாள். இங்கே கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது, உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நிற்கிறார்கள். நான் அந்தக் கைக்குட்டையைப் பக்கத்து நாற்காலியில் விரித்துப் போட்டிருக்கிறேன். இப்போதுகூட ஒருவர் வந்து, "இங்க யாராவது இருக்காகளா?" என்று கேட்டார். ஆள் வருது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா